தடா பக்கம் ஏரிக்கரை நடை: பழவேற்காட்டில் தொடங்குங்கள்

ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் இருக்கிற சூலூர்பேட்டைக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். வீட்டில் முழங்கால் வலியோடு அம்மா, மூன்றாம் வகுப்பு படிக்கும் பையன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடு பள்ளம் இல்லாமல், தண்ணீர் ஓரமாக இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும், வழியில் பழைய கோட்டை, கோயில் என்று பார்க்கவும் ஏதாவது இருக்க வேண்டும். தடா அருவிக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தடா அருவி வேண்டாம். அருவி இருக்கிற உப்பலமடுகுக்குப் போகிற வழி முழுக்கப் பாறையும் ஓடையும். இளவட்டங்களுக்குச் சரி, அம்மாவுக்கு ஆகாது. நீங்கள் கேட்டதெல்லாம் ஒரே இடத்தில் இருப்பது பழவேற்காட்டில்தான். நான் சத்தியவேட்டுக்காரன். 1960 ஏப்ரலில் எல்லையை மாற்றியபோது பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திராவுக்கு வந்த பக்கம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், ஞாயிற்றுக்கிழமை குழம்பில் பழவேற்காட்டு மடவை. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அது எங்களுக்கு வெளியூர் இல்லை. ஏரியும் அப்படித்தான், தெற்கு முனை மட்டும் தமிழ்நாட்டில், பெரும்பகுதி ஆந்திராவில். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தது இதுதான்.

முதலில் ஒரு விஷயம். பழவேற்காட்டுக்குப் போய்விட்டு "அங்கே ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. காரில் வந்து இறங்குவார்கள், கோட்டை எங்கே என்று கேட்பார்கள், ஊர்க்காரர்கள் முட்புதரைக் காட்டுவார்கள், டச்சுக்காரர்களின் கல்லறை வாசலில் ஒரு போட்டோ, நண்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோட்டை என்றால் செஞ்சி மாதிரி மதிலும் கொத்தளமும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இங்கே தண்ணீரை முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கல்லைப் பார்க்க வேண்டும். ஏரி புரிந்துவிட்டால் அந்த முட்புதர் மேடு ஏன் சரியாக அந்த இடத்தில் இருக்கிறது என்பது தானாகப் புரியும். நடந்தால்தான் அது நடக்கும்.

ஆகவே பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கல்லறையைத் தேடாதீர்கள். நேராகப் படகுத் துறைக்குப் போங்கள். காலை ஆறரை, ஏழு மணிக்குள் போய்விட்டால் இரவு வலை போட்ட படகுகள் கரைக்கு வந்துகொண்டிருக்கும். இறாலைக் கூறு கட்டி வைத்து ஏலம் நடக்கும். நண்டின் கால்களை நாரால் கட்டிக் கூடையில் அடுக்குவார்கள். பையன் அங்கேயே அரைமணி நேரம் நின்றுவிடுவான், நிற்கட்டும்.

துறையில் நின்று ஏரியைப் பார்த்தால் எவ்வளவு தூரத்துக்கும் தண்ணீர். ஆனால் நடு ஏரியில் ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார். ஆழம் அவ்வளவுதான். பெரும்பாலான இடங்களில் சராசரியாக ஒரு மீட்டர் இருக்கும். வரிசையாக நட்ட கழிகள் தெரியும், அவற்றில் வலை கட்டுவார்கள். யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை மீனவர் கிராமங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காமல் சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். கரையோரம் இருளர் பெண்களைப் பார்த்தால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீருக்குள் குனிந்து, சேற்றில் இரண்டு கையாலும் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கவ்விய பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பிடிக்கப் பல்தான் மிச்சம். அந்த உழைப்பைப் படம் எடுப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

சரி, இந்த ஆழமில்லாத தண்ணீருக்கு எதற்காக அத்தனை நாட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள்? சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள இடமே குறைவு. கடல் அலை நேராகக் கரையில் வந்து அறையும். பெரிய கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கைச் சின்னப் படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும். அந்தச் சின்னப் படகுக்கு இந்த ஏரி நல்ல அடைக்கலம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் திட்டு, அதில் ஒரு வாய், அதுதான் முகத்துவாரம். உள்ளே நுழைந்துவிட்டால் அலை கிடையாது. ஆரணியாறு வேறு இங்கே வந்து கலக்கிறது. பின்னால் உள்நாட்டில் நெசவாளர் ஊர்கள். முகத்துவாரத்தைக் கண்காணிக்கும் இடத்தில் யார் கோட்டை கட்டுகிறாரோ அவர் கையில் துணி வியாபாரம் என்ற நிலைமை.

போர்ச்சுக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள். மகிமை மாதா ஆலயம் 1515இல் தொடங்கியது. இன்று நீங்கள் பார்ப்பது புதிய கட்டடம், வழிபாட்டின் தொடர்ச்சிதான் பழையது. டச்சுக்காரர்கள் 1610இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிப் பண்டகசாலை வைத்தார்கள். அதை 1612இல் சாந்தோம் போர்ச்சுக்கீசியர்கள் வந்து அழித்தார்கள். விடுவார்களா? அடுத்த வருஷமே, 1613இல், கோட்டை எழுந்தது. கெல்ட்ரியா என்று பெயர். கட்டிய தலைமை அதிகாரி வெம்மர் வான் பெர்ஹெம் நெதர்லாந்தின் கெல்டர்லாண்ட் மாகாணத்துக்காரர், சொந்த மண்ணின் பெயரையே வைத்துவிட்டார். 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையை மாற்றும் வரைக்கும் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான்.

இந்தத் துறையில் நின்றுகொண்டே இதையெல்லாம் பையனுக்குச் சொல்லுங்கள். இங்கிருந்து போன துணியைக் கிழக்கே தீவுகளில் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். இங்கே வெடிமருந்து தயாரித்து மற்ற டச்சுக் கோட்டைகளுக்கு அனுப்பினார்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். இதே கரையிலிருந்து மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்ச காலத்திலும் போர்க் காலத்திலும் விலைக்கு வாங்கப்பட்ட நம் கரையோர மக்கள், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக, அடிமைகளாக பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேறினார்கள். கல்லறையில் டச்சு வணிகர்களின் பெயர்கள் பளிச்சென்று இருக்கின்றன. அந்த மக்களுக்கு இந்த ஊரில் ஒரு கல்கூடக் கிடையாது. பெரியவர்கள் இதைச் சொல்லித்தான் அழைத்துப்போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் கோட்டை. துறையிலிருந்து கரையை ஒட்டியே நடந்தால் சமதளம், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. கோட்டை இருந்த இடம் இப்போது சீமைக்கருவேலம் மூடிய மேடு. மதில் போய்விட்டது. மிச்சம் இருப்பது அகழி. அதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அகழி ஓரம் நடந்தபடி, எந்தத் திருப்பத்தில் கோணம் மாறுகிறது என்று கவனித்தால் கோட்டையின் வடிவம் மனதில் விழும். மேட்டின் மேல் ஏற வேண்டாம். முள்ளும் பாம்பும் உண்டு, ஏறினாலும் காண ஒன்றும் இல்லை. மழைக்காலம் முடிந்தபிறகு போனால் அகழியில் தண்ணீர் நிற்கும், முக்குளிப்பானும் நாமக்கோழியும் மேயும். கோட்டை 1825இல் ஆங்கிலேயர் கைக்கு ஒரேயடியாகப் போயிற்று. அதற்குள் அவர்களுக்குச் சென்னை இருந்தது, பழவேற்காடு தேவைப்படவில்லை.

சென்னை என்றதும் இன்னொன்று. ஆங்கிலேயர்கள் முதலில் பழவேற்காட்டில்தான் காலூன்றப் பார்த்தார்கள். டச்சுக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை. 1626இல் இதே ஏரியின் வடக்கு முனைப் பக்கம் துகராஜபட்டினத்தில் பண்டகசாலை வைத்தார்கள். அவர்கள் ஏடுகளில் அதற்கு ஆர்மகான் என்று பெயர். அதுவும் தோதுப்படவில்லை. அங்கே அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் டேதான் தெற்கே இறங்கி வந்து 1639இல் மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கினார். உங்கள் சூலூர்பேட்டைக்கு ஒரு பக்கம் டச்சுக் கோட்டை, மறு பக்கம் ஆங்கிலேயரின் பழைய பண்டகசாலை. சென்னை உருவானதற்கான காரணம் பாதி இந்த ஏரிக்கரையில் இருக்கிறது. துகராஜபட்டினத்துக்கு நடப்பதற்கென்று நான் உங்களை அனுப்பமாட்டேன், ஆனால் கதை தெரிந்திருப்பது நல்லது.

இப்போது கல்லறைக்கு வாருங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, சுற்றுச்சுவர் உண்டு. பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரித்தால் காவலரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வாசலிலேயே நின்றுவிடுங்கள். வளைவு வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஒன்றோடு மணற்கடிகாரம், இன்னொன்றோடு மண்டை ஓடு. நம் கோயில் வாசலில் துவாரபாலகர்கள் நிற்கிற இடத்தில் இவை நிற்கின்றன. விலா எலும்புகளை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். காலம் தீர்ந்துபோகும் என்று உள்ளே நுழைகிறவனுக்குச் சொல்கிற வாசல் அது. சின்னப் பிள்ளைகள் பயப்படமாட்டார்கள், எலும்பு எண்ணுவார்கள்.

உள்ளே பெரும்பாலான கல்லறைகளில் படுக்கைவாட்டில் கருங்கல் பலகை. எழுத்து கல்லுக்குள் வெட்டப்படாமல், சுற்றியுள்ள கல்லைக் குறைத்து எழுத்தை மட்டும் மேலே நிற்க விட்டிருக்கிறார்கள். வேலை எத்தனை மடங்கு கூடுதல் என்று யோசித்துப் பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் சின்ன நிழல் விழுந்து ஆண்டுகள் தெளிவாக வாசிக்க வரும். 1630கள், 1640கள், 1650கள். உச்சி வெயிலில் அதே எழுத்து தட்டையாகத் தெரியும். காலையிலேயே போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். குலச் சின்னங்கள், தலைக்கவசம், பூவேலை எல்லாம் விளிம்பைச் சுற்றி இருக்கும். சில கல்லறைகள் கூம்பாக ஓங்கி நிற்கும், சிலவற்றுக்கு வளைகூரை உண்டு. பலகைகள் மேல் உட்காராதீர்கள், பையனை ஏறவும் விடாதீர்கள். சுண்ணாம்பு மாவு போட்டு எழுத்தை எடுப்பாகக் காட்டிப் படம் எடுக்கிறார்கள் சிலர், அது கல்லுக்குக் கெடுதல். மரத்தடி நிழல் இருக்கிறது, அம்மா சற்று ஓய்வெடுக்கலாம்.

கல்லறையோடு திரும்பிவிட்டால் ஊரில் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். டச்சுக்காரர்கள் வருவதற்கு முன்பும் இது பெரிய துறைமுகம், விஜயநகர அரசின் கடல்வாசல்களில் ஒன்று. ஆதிநாராயணப் பெருமாள் கோயில் அந்தக் காலத்தை நினைவூட்டும். செம்புரைக் கல்லில் கட்டியது. நம் பக்கத்துக் கோயில்களில் அந்தக் கல்லை அவ்வளவாகப் பார்க்க முடியாது. கேரளத்துப் பக்கம் போனவர்களுக்குப் பழக்கமான, ஓட்டை ஓட்டையான செம்மண் நிறக் கல். அந்தச் சொரசொரப்பான கல்லில் குட்டிக் குட்டியாக ராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கருங்கல்லில் வருகிற நுணுக்கத்தை இதில் கொண்டுவருவது எளிதில்லை. கண்ணை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தால்தான் உருவம் பிடிபடும்.

பிறகு பள்ளிவாசல் தெருக்கள். இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகக் கடல் வணிகம் செய்தவர்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய ஆவணங்களைக் காத்து வைத்திருக்கிறார்கள். சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரிய கடிகாரம் இருக்கிறது. நிழல் எங்கே விழுகிறதோ அதுவே தொழுகை நேரம். பையனுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள், கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்களிடம் அனுமதி கேட்டு, தொழுகை நேரம் தவிர்த்துப் போனால் அன்பாகவே காட்டுவார்கள். பெண்கள் பனையோலையில் கூடை, பெட்டி முடைகிறார்கள். சாயமேற்றிய ஓலையில் சின்னச் சின்ன மூடிப் பெட்டிகள் அழகு. பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை மணி நேரம் என்று அருகில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் பேரம் பேச மனம் வராது.

இத்தனையும் ஊருக்குள், ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில்தான். அம்மா களைத்துவிட்டால் ஆட்டோ கிடைக்கும். தெம்பு இருந்தால் கடைசியாகப் பாலம். ஏரியைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம், கடற்கரைப் பக்கம் போகும் பாலம் அது. நடுவில் நின்றால் ஒரு பக்கம் ஊர், மறு பக்கம் கடலைத் தடுத்து நிற்கும் மணல் திட்டு. காலையில் துறையில் நின்று சொன்ன கதை முழுவதும் வரைபடமாகக் கண்முன் விரியும். முகத்துவாரம் கோடையில் மணல் மூடி அடைபடுவதுண்டு. அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது, ஏரியின் உப்பு அளவு மாறும், இறால் குஞ்சு ஏறிவராது, படகும் வெளியே போக முடியாது. 17ஆம் நூற்றாண்டில் வியாபாரியின் கவலை அது, இன்றைக்கு மீனவரின் கவலை. டீக்கடையில் உட்கார்ந்தால் அதைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். பாலத்தில் வண்டிகள் வேகமாக வரும், பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படகைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். துறையில் யாராவது வந்து "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் சார்" என்று கூப்பிடலாம். போகாதீர்கள். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று நினைக்க வேண்டாம். முகத்துவாரத்துக்கு அருகே ஆழமும் இழுப்பும் வேறு. இந்த ஊரைப் பார்க்கக் கால் போதும், படகு தேவையே இல்லை.

எப்போது போகலாம்? டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் மழை கொட்டும், புயல் எச்சரிக்கை வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே உப்பங்காற்றும் வெயிலும் சேர்ந்து ஆளைச் சுருட்டிவிடும். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். அவை ஊர்த் துறைக்கு அருகில் வருவதில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் அண்ணாமலைச்சேரியிலும், உங்கள் பக்கம் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையிலும் நன்றாகப் பார்க்கலாம். அந்தச் சாலை ஏரிக்குள்ளேயே போகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர். அதிகாலையில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச தூரம் நடக்கலாம். ஆனால் சோதனைச் சாவடியைத் தாண்ட அனுமதி கிடையாது, ராக்கெட் ஏவும் நாட்களில் கெடுபிடி இன்னும் அதிகம். இடிபாடு எதுவும் அங்கே இல்லை. முழுக்கப் பறவைகளுக்காகப் போகிற இடம். நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருப்பதையும் அதே பருவத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டாவது ஞாயிறுக்கு ஒரு யோசனை. பழவேற்காட்டில் ஏரியில் கலக்கிற அதே ஆரணியாற்றை மேலே போய்ப் பாருங்கள். பிச்சாட்டூரில் அதன் குறுக்கே அணை கட்டியிருக்கிறார்கள். கரை மேல் நடந்தால் ஒரு பக்கம் நீர்த்தேக்கம், பின்னால் மலைத்தொடர். மாலை வேளையில் நல்ல காற்று. நிழல் குறைவு, குடை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாயார் நாகலா தேவியின் பெயரில் உண்டாக்கிய ஊர். வேதநாராயணர் கோயிலில் பெருமாள் மச்சாவதாரத்தில் இருக்கிறார், இடுப்புக்குக் கீழே மீன் உடல். பங்குனி வாக்கில், மார்ச் மாதத்தில் சில நாட்கள் மாலைச் சூரியனின் கதிர் கருவறை வரைக்கும் போய் மூலவர் மேல் விழும். அந்த நாட்களில் கூட்டம் தாங்காது, மற்ற நாட்களில் பிராகாரம் நமக்கே நமக்கு. பெரிய பிராகாரம், கல் தளம், அம்மா மெதுவாகச் சுற்றிவரலாம். திரும்பும்போது ஊத்துக்கோட்டை வழியாக வந்தால் சுருட்டப்பள்ளி, சிவன் படுத்திருக்கும் கோலத்தில் இருக்கிற கோயில், அதுவும் ஆரணியாற்றுக் கரைதான்.

திருப்பதி போகிற சாக்கில் சந்திரகிரியையும் சேர்த்துக்கொள்ளலாம். விஜயநகர அரசர்களின் பிற்காலத் தலைநகரங்களில் ஒன்று. ராஜமஹால் மூன்று அடுக்கு. கல், செங்கல், சுண்ணாம்பு மட்டும், மரமே சேர்க்காமல் எழுப்பியது. உள்ளே தொல்லியல் துறை அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்கு இடம் கொடுத்த வேங்கடபதி ராயர் சில காலம் இங்கிருந்தும் ஆண்டவர்தான், அதனால் பழவேற்காட்டைப் பார்த்த பிறகு இங்கே வருவது நல்லது. மஹால் சுற்று வட்டாரம் சமதளம், தோட்டம், சின்ன நீர்நிலை. மேலே மலைக்கோட்டை வரைக்கும் ஏறுவது உங்கள் வீட்டுக்குத் தோதுப்படாது, விட்டுவிடலாம். தண்ணீர்க் காட்சி என்று பார்த்தால் பழவேற்காட்டில் பாதிகூடக் கிடையாது, கட்டடம் என்று பார்த்தால் இதுதான் முழுசாக நிற்கிறது.

போகிற வழி: சூலூர்பேட்டையில் சென்னை போகும் மின்சார ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்குங்கள். விரைவு ரயில்கள் அங்கே நிற்காமல் போகலாம், பார்த்து ஏறுங்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு, சுமார் 20 கிலோமீட்டர். வழியில் திருப்பாலைவனம், சோழர் காலச் சிவன் கோயில், திரும்பும்போது நேரம் இருந்தால் இறங்கலாம். காரில் போனால் சென்னை நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி தாண்டிப் பொன்னேரிக்குத் திரும்பும் வழி.

கால் மூடிய செருப்பு அல்லது ஷூ போடுங்கள், அகழிப் பக்கம் கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும். குடிதண்ணீர் கையில் வேண்டும். கழிப்பறை வசதி ஊருக்குள் குறைவு, அம்மாவுக்காகச் சொல்கிறேன், பொன்னேரி ரயில் நிலையத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. மதியச் சாப்பாட்டுக்குச் சின்ன மெஸ்களில் இறால் தொக்கும் நண்டுக் குழம்பும் கிடைக்கும், பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், தாமதித்தால் தீர்ந்துவிடும். மீன் வாங்கிக்கொண்டு வருவதாக இருந்தால் காலை ஏலத்தின்போதே பேசி வைத்துவிட்டு, கிளம்பும்போது ஐஸ் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தெர்மாகோல் பெட்டி எடுத்துப்போனால் போதும், சூலூர்பேட்டை வரைக்கும் கெடாது.